256 ஜிபி எஸ்எஸ்டி-யில் 6 ஜிபி மட்டுமே மிச்சம்: அம்பாசமுத்திரம் நண்பருக்கு

வணக்கம் ஐயா. கல்யாணப் படங்களை நகலெடுக்கும்போது தங்கள் மடிக்கணினி நின்று நின்று ஓடுவதாக எழுதியிருந்தீர்கள். மடிக்கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டி பழைய தரவின் மேல் நேரடியாக எழுதாது. ஒரு தொகுதியை முழுவதும் அழித்த பின்னரே அதில் மறுபடி எழுத முடியும் என்பதால், காலியிடம் குறையக் குறைய, உள்ளதை இடம் மாற்றுவதிலேயே அதன் வேகம் போய்விடுகிறது. எனவே 40 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வரை சென்று வேண்டாதவற்றை நீக்குங்கள். அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் என்பதும் இருக்கும். அதில் டிக் விழுந்தால் வாடிக்கையாளர் அனுப்பி, தாங்கள் இறக்கி வைத்த படங்களும் போய்விடும், மிகவும் கவனம்.

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குமுன், முடிந்த கல்யாணங்களின் ரா கோப்புகளை (கேமரா பதிவு செய்த மூலப் படங்களை) இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளில் நகலெடுத்து, இரண்டிலும் சில படங்களைத் திறந்து பார்த்த பிறகே மடிக்கணினியிலிருந்து நீக்குங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.