எவர்சில்வர் பைப் சுடுகிறது, துப்பாக்கி 44 காட்டுகிறது!

கேள்வி: கோவையில் சின்னதாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பேரிங் சூடு பார்க்க ஆன்லைனில் ஒரு டெம்பரேச்சர் கன் வாங்கினேன். மோட்டார் பாடியில் சரியாகக் காட்டுகிறது. ஆனால் பக்கத்தில் போகும் எவர்சில்வர் வெந்நீர்ப் பைப்பில் கையை வைக்கவே முடியவில்லை, கன் 44 டிகிரி என்கிறது. விற்றவரிடம் கேட்டால் மெஷினில் குறை இல்லை என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: விற்றவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கன் சரியாகக் காட்டாது என்பதை விற்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் என் வருத்தம்.

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியே விடும். கன் அந்தக் கதிரை வாங்கி டிகிரியாக மாற்றிச் சொல்கிறது. பெயின்ட், ரப்பர், துருப்பிடித்த இரும்பு எல்லாம் கதிரைத் தாராளமாக விடும். பளபளக்கும் உலோகம் அப்படியில்லை. தன் சூட்டை உள்ளே வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் சுவரின் சூட்டைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். ஒரு பொருள் கதிரை எவ்வளவு தாராளமாக விடும் என்பதற்குப் பெயர்தான் எமிசிவிட்டி, தமிழில் உமிழ்திறன். பெயின்ட் அடித்த மோட்டார் பாடிக்கு 0.95 பக்கம் வரும். பாலிஷ் போட்ட அலுமினியத்துக்கு 0.1கூடத் தேறாது. விலை குறைந்த கன்களில் பலவற்றில் 0.95 என்று ஒரே அளவை வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். உங்கள் பைப் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். புது எவர்சில்வர் டம்ளரில் ஒரு பக்கம் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, கொதித்த தண்ணீரை ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு இரண்டு பக்கமும் கிட்டத்தில் வைத்து அளந்து பாருங்கள். நான் செய்தபோது டேப் மேல் 78, அதை ஒட்டிய பளபளப்பில் 41. ஒரே டம்ளர், ஒரே தண்ணீர்.

பட்டறைக்கும் இதே வைத்தியம்தான். பைப்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி அதன் மேல் அளங்கள். அந்த டேப் 80 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும், அதிகச் சூட்டுக்கு மேட் கறுப்புப் பெயின்டை ஒரு தொடு தொட்டு வைப்பது மேல். மின் பேனலுக்குள் பஸ்பாரில் (கரண்ட்டைக் கடத்தும் உலோகப் பட்டையில்) ஒட்டுவதாக இருந்தால் சப்ளையை நிறுத்தி, டெஸ்டரால் உறுதிசெய்துகொண்டு ஒட்டுங்கள். கரண்ட் ஓடும்போது கையை நீட்டவே கூடாது.

அடுத்து வாங்கும்போது பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது 12:1 மாதிரி போட்டிருக்கும் எண், அதாவது நிற்கும் தூரத்துக்கும் அளக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம். பெரும்பாலோர் 380-ஆ, 550-ஆ என்று உச்ச டிகிரியைத்தான் பார்க்கிறார்கள். பேரிங் 90, 100 டிகிரி தாண்டினாலே நாம் ஓட வேண்டிய நிலைமை, 550 எதற்கு? 12:1 என்றால் 60 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 5 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைக் காட்டும். டெர்மினல் போல்ட்டின் தலை ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. வயர் முனையில் மாட்டும் லக் லூசாகி அந்தப் போல்ட் கொதித்துக்கொண்டிருக்கும், கன் சுற்றியுள்ள குளிர்ந்த தகட்டையும் சேர்த்துக் கலக்கி 'நார்மல்' என்று காட்டிவிடும். இப்படித்தான் பேனல் எரிகிறது. அளக்கும் பொருள் அந்த வட்டத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். பேனல் வேலைக்கு 20:1, 30:1 என்று வாங்கினால் தள்ளி நின்றே அளக்கலாம். சிவப்பு லேசர் புள்ளி எதையும் அளப்பதில்லை. அது குறி பார்க்க மட்டும். கிட்டத்தில் போனால் அந்தக் குறியும் சற்று விலகியிருக்கும்.

இரண்டாவது, எமிசிவிட்டியை நாமே மாற்றும் வசதி. மூன்றாவது, துல்லியம். '±2 டிகிரி அல்லது 2 சதவீதம், எது அதிகமோ அது' என்கிற மாதிரி எழுத்தில் இருக்க வேண்டும். ஆடிட்டுக்குக் காட்டவேண்டிய இடமென்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேபின் காலிப்ரேஷன் சர்டிபிகேட் கேளுங்கள். கம்பெனியே அச்சடித்துப் போடும் 'க்யூ.சி. பாஸ்' அட்டை அதற்கு ஈடாகாது. உங்கள் பட்டறைக்கு அந்தச் செலவு வேண்டாம். அகலமான பாத்திரத்தில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்கி, கிட்டத்தில் வைத்து அளங்கள். 0-வை ஒட்டி, இரண்டு டிகிரி முன்னே பின்னே வந்தால் போதும். கன்னை ஏ.சி. அறையிலிருந்து எடுத்து வந்தால் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அளங்கள்.

கேள்வி: பவுண்டரியில் உருகிய இரும்பை அளக்க, 1600 டிகிரி வரை என்று போட்ட கன் வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சாதாரணக் கன்கள் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் பார்ப்பவை. எமிசிவிட்டியில் சின்னப் பிசகு வந்தாலும் இந்தச் சூட்டில் நூறு டிகிரிக்கு மேல் தவறிவிடும். உருகிய உலோகத்துக்கு 1 மைக்ரானை ஒட்டிப் பார்க்கும் கருவி வேண்டும். அதுவும் கசடு மூடிய மேற்பரப்பில் கசடையும் சேர்த்தே அளக்கும். ஊற்றும் சூட்டை நம்பித்தான் வார்ப்பு நிற்கிறது என்றால், உருகிய உலோகத்துக்குள் முக்கி அளக்கும், முனையை மாற்றிப்போடும் டிப் தெர்மோகப்பிள்தான் என் பரிந்துரை. அதற்குச் செலவிடுவது வீணாகாது.

கேள்வி: கொரோனா சமயத்தில் மில் கேட்டுக்கு வாங்கிய நெற்றிக் கன் சும்மா கிடக்கிறது. மெஷினுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அது சுமார் 32-லிருந்து 43 டிகிரிக்குள், நாலைந்து சென்டிமீட்டர் தூரத்தில் உடல் சூட்டைக் கணக்கிடச் செய்தது. அதேபோல மெஷின் கன்னால் குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கவும் கூடாது. தோலின் சூட்டைக் காட்டும், காய்ச்சலே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

கேள்வி: விளம்பரத்தில் 12:1, வந்த கன்னின் லேபிளில் 8:1. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். ஜி.எஸ்.டி. நம்பர் போட்டு வாங்கினேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா?

பதில்: 2020-இன் இ-காமர்ஸ் விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள்.

கோர்ட் என்றால் ஒரு சிக்கல். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் தானே உழைத்துப் பிழைக்கிற சுயதொழிலுக்கு மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. நீங்களே கருவியைப் பிடித்து வேலை செய்பவர் என்றால் அதைப் புகாரிலேயே தெளிவாக எழுதுங்கள். ஜி.எஸ்.டி. நம்பரைத்தான் எதிர்த்தரப்பு முதலில் காட்டும், அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். கம்பெனி பெயரில் வாங்கியிருந்தால் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி பெரும்பாலும் சிவில் கோர்ட்தான் வழி. சொன்ன விவரத்தோடு பொருள் பொருந்த வேண்டும் என்பது அதிலும் இருக்கிறது.

விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். லேபிள் தெரிகிற மாதிரி கன்னையும் பில்லையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.