யூதர்களின் ஆன்மீக ஞானத்தை நம் அன்றாட வாழ்க்கையில் எப்படிக் கடைப்பிடிக்கலாம்?

கேள்வியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'யூதர்களின் பண ரகசியம்', 'சிவப்புக் கயிறு கட்டினால் அதிர்ஷ்டம்' என்று வருகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். அந்தக் கயிற்றை எருசலேமில் யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவர் பக்கம் போனால் கையில் கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள். நானும் கட்டிக்கொண்டேன். ஒரு மாதத்தில் அறுந்துபோனது, வேறொன்றும் நடக்கவில்லை.

நான் ரபியும் (யூத மதகுரு) இல்லை, ஆராய்ச்சி செய்தவளும் இல்லை. நாகர்கோவில்காரி. நர்சிங் முடித்துவிட்டு, டெல் அவிவை ஒட்டியிருக்கும் பெனே பிராக்கில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். ஊரே மதப்பற்று மிகுந்த ஊர். போர், அரசியல் என்று கருத்துப் பெட்டியில் ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, ஆனால் இங்கே கேட்டது அதுவல்ல. ஒரு வீட்டுக்குள் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். எல்லா வீடும் அப்படி என்றும் சொல்லவில்லை. என் தோழி இருந்த வீட்டில் அவளுக்கு ஒரு தனிக் கட்டில்கூடக் கிடையாது.

போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதியது. ராக்கெட் வருகிறது என்று நினைத்து, பாட்டியின் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்தேன். சவ்தா (அங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என் கையில் பட்டென்று ஓர் அடி வைத்துவிட்டு, மேசை மேலிருந்த மெழுகுவர்த்திகளைக் காட்டினார். சபாத், அதாவது யூதர்களின் வாராந்தர ஓய்வுநாள், தொடங்கப் போகிறது என்பதற்கான சங்காம் அது.

ஞாயிறு பள்ளியில் 'ஓய்வுநாள்' என்று மனப்பாடம் செய்தவள்தான் நான். ஆனால் அதற்கு நிமிடக் கணக்கு இருப்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. பொதுவாகச் சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட வேண்டும், எருசலேமில் 40 நிமிடம். டிசம்பரில் நாலேகாலுக்கே அந்த நேரம் வந்துவிடும். ஏற்றிய பிறகு அடுப்பு பற்றவைப்பது, சுவிட்சு போடுவது, எழுதுவது எதுவும் கிடையாது. தடுக்கப்பட்ட வேலைகள் மொத்தம் 39 வகை. பாதி இஸ்திரி போட்ட துணி பாதியிலேயே கிடக்கும். முதல் சில மாதம் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது.

அப்புறம் ஒன்று பிடிபட்டது. அந்த வீட்டில் நல்ல காரியம் எல்லாவற்றுக்கும் ஒரு கெடு இருந்தது. 'அப்புறம் பார்க்கலாம்' கிடையாது. ஓய்வுக்குக் கெடு, கூலிக்குக் கெடு, மன்னிப்புக்கும் கெடு. நீங்கள் கேட்ட ஞானம் இதுவா என்று தெரியவில்லை, எனக்குக் கிடைத்தது இதுதான்.

கூலி விஷயம் நம் தமிழ் பைபிளிலும் இருக்கிறது, லேவியராகமம் 19, உபாகமம் 24. கூலிக்காரனின் கூலியை அன்றன்றே கொடுத்துவிட வேண்டும், பொழுது சாயும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது. என் சம்பளம் மாதச் சம்பளம்தான். ஆனாலும் தேதி வந்த அன்று சவ்தா மகனுக்கு நாலு தடவையாவது போன் போடுவார், 'பொழுது சாயப்போகிறது, போட்டாயா?' என்று. இதைச் சொல்லும்போது வயிறு எரிகிறது. நாகர்கோவிலில் நான் முதலில் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் சம்பளம் இருபதாம் தேதிக்கு மேல்தான் வரும். போதாததற்கு என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். விட்டுப் போகிறேன் என்றதும் இரண்டு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போ என்றார்கள். வரவேற்பறையில் பைபிள் வசனம் எழுதி மாட்டியிருப்பார்கள், பெரிய எழுத்தில். சரி, அது வேறு கதை.

மன்னிப்புக்கு வருகிறேன். யோம் கிப்பூர் என்று ஒரு நாள், 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத விரதம். கடவுளுக்குச் செய்த தப்புக்கு அந்த நாள் போதும், சக மனுஷருக்குச் செய்த தப்புக்கு அவரையே சமாதானப்படுத்தினால் ஒழிய அந்த நாளும் உதவாது என்று மிஷ்னா என்கிற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதனால் அதற்கு முந்தைய நாட்களில் ஆளாளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்பார்கள். பாதிப் பேர் சடங்குக்குத்தான் கேட்கிறார்கள், நம் ஊரில் பொங்கல் வாழ்த்து அனுப்புவதுபோல.

என் மூன்றாவது வருஷம். விரதத்துக்கு முந்தைய பகல். சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கோழி சூப் கொதிக்கிறது, நான் கேரட் சீவிக்கொண்டிருக்கிறேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு சவ்தா சமையலறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக.

அந்தக் கோடையில் ஒருநாள் நான் ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க மறந்துவிட்டேன் என்று அவர் மகளிடம் சொல்லியிருந்தார். மகள் என்னை அரை மணி நேரம் திட்டினாள். நான் கொடுத்தேன் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை, அன்று இரவெல்லாம் அழுதேன். இப்போது சவ்தா சொன்னது: "நீ கொடுத்தாய். கசந்தது. நாப்கினில் துப்பி மடித்துப் போட்டுவிட்டேன். மகள் கேட்டதும் பயந்துபோய் உன் பேரைச் சொல்லிவிட்டேன். சொலஹத் லி?" என்னை மன்னிப்பாயா என்று அர்த்தம்.

நம் ஆட்கள் என்ன சொல்வோம்? "ஐயோ பரவாயில்லை சவ்தா, அதை விடுங்க." அதையே எனக்குத் தெரிந்த எபிரேயத்தில் சொன்னேன். அவர் விடவில்லை. பரவாயில்லை என்பது பதில் இல்லை, மன்னித்தாயா இல்லையா, அதைச் சொல் என்றார். மன்னித்தேன் என்று வாயைத் திறந்து சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே கோபம் அவ்வளவு இருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அதோடு முடியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்தால் போனைத் தொட முடியாது. மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, என் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். 84 வயது. கை நடுங்கியது. சூப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு எனக்கும் அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. தொண்டைவரை வந்தது. அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கிவிட்டேன். அடுத்த வருஷம் அவருக்கு என் பேரே நினைவில்லை. அதற்கடுத்த குளிர்காலத்தில் போய்விட்டார்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் இதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இறந்துவிட்டால், பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், அவர்கள் முன்னால் தப்பைச் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் இருந்துகொண்டு அது எனக்கு நடக்கிற காரியமா? இந்தப் பதிலைப் பத்துப் பேராவது படிப்பீர்கள்.

சவ்தா என்னிடம் மன்னிப்புக் கேட்ட அதே வருஷம், அதற்குச் சில மாதம் முன்னால், பஸ்கா பண்டிகை சமயம். புளித்த மாவு ஒரு துணுக்குக்கூட இல்லாமல் வீட்டை நானும் சவ்தாவும் இரண்டு வாரம் தேய்த்திருந்தோம். அந்த ஏழு நாளுக்கென்றே தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. சவ்தா போலந்தில் பிறந்தவர் என்பதால், அந்தப் பக்கத்து யூதர்களின் வழக்கப்படி அந்த நாட்களில் அரிசியும் ஆகாது. ஐந்தாம் நாள் எனக்குத் தாங்கவில்லை. தூத்துக்குடித் தோழி ஒரு டப்பாவில் சோறும் இறால் தொக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்களுக்கு இறால் எந்த நாளிலும் ஆகாது. சவ்தா தூங்கியபிறகு என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். கையால் சாப்பிட்டால் வாசனை போகாதே என்று பயந்து, பஸ்கா டப்பாவிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டேன். அப்புறம் அதைக் கழுவித் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் சவ்தா அந்தக் கரண்டியில்தான் சாப்பிட்டார், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.