பி.யூ.சி. எங்கே போயிற்று?

அன்புள்ள அக்கா,

வணக்கம். போன மாதம் என் மகள் பி.எஸ்சி. கணிதம் முதலாண்டில் சேர்ந்தாள். அவளாகவே தேர்ந்தெடுத்த படிப்பு. பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் புதிதாகத் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி. சொந்தக் கட்டடம் இன்னும் வரவில்லை. மேல்நிலைப் பள்ளியின் பின்பக்கத்தில் நான்கு அறைகளில் வகுப்பு நடக்கிறது. விண்ணப்பத்தைச் செல்பேசியில் பத்தே நிமிடத்தில் போட்டாள். முதல் நாள் டவுன் பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலம் சிரித்துக்கொண்டு வந்தாள். "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள். அவ்வளவுதான்.

என் அப்பா 1972இல் தகரப் பெட்டியோடும் ஜமுக்காளத்தோடும் மதுரைக்குப் போய் பி.யூ.சி. சேர்ந்தவர். ஊரே பஸ் ஏற்றிவிட வந்ததாம். நான் 1998இல் அவரோடு ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் பயணம் செய்து, சென்னையில் கவுன்சலிங் முடித்துப் பொறியியல் சீட் வாங்கினேன். வழியெல்லாம் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தது இன்னும் நினைவிருக்கிறது. இப்போது பேத்தியின் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்து, "இதுவும் ஒரு காலேஜா?" என்கிறார். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் தோன்றுகிறது. கல்லூரியில் சேருவது என்பதற்கு இருந்த கனம் போய்விட்டதா அக்கா?

— விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

ஊரே பஸ் ஏற்றிவிட வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஏப்ரலில் என்ன நடந்தது என்று எழுதவில்லை. உங்கள் அப்பா நன்றாகத் தேறிப் பட்டப்படிப்புக்குப் போயிருக்கலாம். அப்படியென்றால் சந்தோஷம். ஆனால் எங்கள் கரிசல் பக்கத்தில் அந்தக் காலத்தில் "பி.யூ.சி. ஃபெயில்" என்பதே ஒரு படிப்பின் பெயர் மாதிரி இருந்தது. வரன் பேசும்போது "மாப்பிள்ளை பி.யூ.சி. வரைக்கும் படிச்சவரு" என்பார்கள். அந்த "வரைக்கும்" என்ற சொல்லிலேயே எல்லாம் அடங்கிவிடும்.

உங்கள் மகளின் வயதுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அப்போது பள்ளிப் படிப்பு பதினொரு வருடம். பதினொன்றாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. அதற்குப் பிறகு கல்லூரியில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. அதுதான் பி.யூ.சி. அதில் தேறினால்தான் மூன்று வருடப் பட்டப்படிப்பு. தமிழில் படித்து வந்த பதினாறு வயதுப் பையன் விடுதியில் பெட்டியை இறக்கி வைத்த மறுநாளே இயற்பியல், வேதியியல் எல்லாவற்றையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். பக்கத்து பெஞ்சில் கான்வென்டில் படித்த நகரத்துப் பையன் இருப்பான். இவன் சுதாரித்துக்கொள்வதற்குள் தேர்வு வந்துவிடும். மொத்தமே பத்து மாதம்தான். தோற்றுத் திரும்பி வருகிறவனின் பெட்டியை வாங்க யாரும் பஸ் நிறுத்தத்துக்கு வரமாட்டார்கள்.

என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவள் 1975இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். பள்ளியில் இரண்டாவது மதிப்பெண். எங்கள் அப்பா மனசில் பெண்கள் கல்லூரி என்றால் பாளையங்கோட்டைதான். அங்கே விடுதியில் விட வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணை, ஒரு வருடப் படிப்புக்காக, தேறுவாளா என்றுகூடத் தெரியாமல். தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்து பேசினார். அப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. தன் புத்தகங்களை அட்டை கிழியாமல் கட்டி மாமா மகளுக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு வருடத்தில் கல்யாணம் ஆயிற்று.

நான் அவளைவிட எட்டு வயது இளையவள். எங்கள் இருவருக்கும் நடுவே ஒன்று நடந்தது. 1978இல் தமிழ்நாட்டில் பி.யூ.சி.க்குப் பதிலாகப் பள்ளிகளிலேயே பிளஸ் டூவைக் கொண்டுவந்தார்கள். 1980இல் முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு நடந்தது. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளியாயிற்று. 1982இல் நான் பத்தாவது முடித்தபோது, மேலே படிக்க வைக்கலாமா வேண்டாமா என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அதே பள்ளி, அதே வாத்தியார்கள், நடந்து போகிற தூரம், தமிழில் பாடம். இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு வருடம் முடிந்தபோது எனக்குப் பதினேழு வயது. கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் இருந்தது. 1984இல் அதே பாளையங்கோட்டைக்கு விண்ணப்பம் வாங்க அப்பாவே போனார்.

அப்பாவின் மனம் மாறிவிட்டது என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் விளங்கியது. அக்காவுக்காக அவர் எடுக்க வேண்டியிருந்த முடிவு மிகப் பெரியது, அதையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தது. எனக்காக அவர் அதைத் துண்டு துண்டாக எடுத்தார். தமிழ்நாட்டில் பெண்கள் கல்லூரிக்கு வந்த கதையைச் சொல்லும்போது தலைவர்களையும் சட்டங்களையும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் உள்ளூர்ப் பள்ளியில் கூடுதலாகக் கிடைத்த அந்த இரண்டு வகுப்பறைகளைப் பற்றி யாரும் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. என்னைக் கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கல்லூரிக் கதவு திறந்தது அங்கேதான்.

சரி, உங்கள் தலைமுறைக்கு வருவோம். நான் கல்லூரியில் சேர்ந்த அதே 1984இல்தான் தொழிற்படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. 1997இல் பொறியியலுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. நீங்கள் அதற்கு அடுத்த வருடம். அரை மார்க், கால் மார்க் கட்-ஆஃபில் வாழ்க்கை தொங்கிய காலம் அது. நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் போக முடியாமல் நின்றுபோன கூட்டாளிகள் உங்களுக்கும் இருந்திருப்பார்கள். அந்தத் தேர்வு ஒழிய 2007 வரை ஆயிற்று. 2018இல் பொறியியல் கலந்தாய்வும் இணையத்துக்குப் போய்விட்டது. இனி அதற்காக எந்த அப்பாவும் மகன் தோளில் சாய்ந்து சென்னை வரை தூங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. அந்த இரவு உங்களுக்கு எவ்வளவு அருமையானது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பஸ் டிக்கெட்டுக்கும் இரண்டு நாள் வேலை இழப்புக்கும் உங்கள் அப்பா எங்கே கடன் வாங்கினார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பத்து நிமிடத்தில் விண்ணப்பம் போட்டாள் என்று குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். என் விண்ணப்பத்துக்கு ஆன நாட்களைச் சொல்லட்டுமா? கல்லூரிக்கே போய்ப் படிவம் வாங்க ஒரு நாள். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் மூன்று நாள். நகல்களில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க அரை நாள் காத்திருந்து, "நாளைக்கு வா" என்று கேட்டு, மறுநாள் போனோம். தேர்வானவர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், அதைப் பார்க்க ஒரு நாள். அத்தனை நாளும் அப்பாவுக்குக் கூலி இல்லை. இரண்டாம் நாளே அலுத்துத் திரும்பிய அப்பாக்கள் எத்தனை பேரோ. அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது.

அன்றைய முதல் நாளின் கனத்தில் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1996இல் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாடு 1997இல் ராகிங்கைத் தடை செய்து தனிச் சட்டம் இயற்றியது. உங்கள் மகள் முதல் நாள் சிரித்துக்கொண்டு வீடு திரும்பியது லேசான விஷயம் இல்லை, தம்பி.

அவள் ஏறிய டவுன் பஸ்ஸில் 2021இலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலேயே வங்கிக் கணக்குக்கு வரும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் கல்லூரியிலேயே கேட்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு கிலோமீட்டரில் கல்லூரி, டிக்கெட் இல்லாத பஸ், கையில் ஆயிரம் ரூபாய். 1975இல் இதில் பாதி இருந்திருந்தால் என் அக்கா படித்திருப்பாள். அந்த நான்கு அறைகளைப் பார்த்து "இதுவும் ஒரு காலேஜா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் உங்கள் மனசில் இருப்பது முழுக்க வீண் கவலை என்று சொல்லமாட்டேன். வேறு ஊர்க்காரி, வேறு சாதிக்காரி, வேறு மதத்துக்காரி என்று நாலு பேரோடு ஒரே அறையில் படுத்து எழுந்ததுதான் கல்லூரி எனக்குக் கொடுத்த பெரிய படிப்பு. சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளைக்கு அது கிடைப்பதில்லை. அவள் தோழிகளை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவளையும் அவர்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பி.யூ.சி. எங்கேயும் போய்விடவில்லை. முதல் செமஸ்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் "சார்பு" என்று படித்தவளுக்கு இப்போது அது "ஃபங்ஷன்". "அணி" மேட்ரிக்ஸ் ஆகிவிட்டது, "தொகையிடல்" இன்டக்ரேஷன் ஆகிவிட்டது. தெரிந்த கணக்குதான். ஆனால் பெயர் மாறியதும் தெரியாத கணக்கு மாதிரி பயமுறுத்தும். 1984இல் பொருளாதார வகுப்பில் பேராசிரியை சொல்வதை நான் தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொள்வேன். "டிமினிஷிங் மார்ஜினல் யுடிலிட்டி" என்று அப்படியே. இரவு அகராதியைப் புரட்டி ஸ்பெல்லிங் தேடுவேன். பக்கத்துக் கட்டிலில் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தி இருந்தாள். அவள்தான் பத்து மணிக்கு மேல் எனக்குப் பாடத்தைத் தமிழில் சொல்லித் தருவாள். அப்படியும் முதல் உள்தேர்வில் இரண்டு தாளில் தோற்றேன். அந்த வாரம் வீட்டுக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டரில், "இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றுதான் எழுதினேன்.

அந்தக் காலத்தில் பி.யூ.சி.யில் விழுந்தவன் ஊருக்கே தெரியும்படி விழுந்தான். இன்று அரியர் வைத்துக்கொண்டு அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். அது நல்ல ஏற்பாடுதான், பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பிள்ளை விழுந்தது வீட்டுக்குத் தெரிவதே இல்லை. உங்கள் மகளுக்குப் பக்கத்துக் கட்டில் அக்காவும் கிடையாது.

அதனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் அப்பாவையும் மகளையும் உட்காரவைத்து, 1972இல் முதல் இயற்பியல் வகுப்பில் அவருக்கு என்ன புரிந்தது என்று கேளுங்கள். ஊரே பஸ் ஏற்றிவிட்ட கதையைப் பலமுறை சொல்லியிருப்பார். வகுப்புக்குள் நடந்ததைச் சொல்லியிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். அவள் பக்கத்திலிருந்து கேட்கட்டும். அந்த வீட்டில் அவளுடைய இன்றைய நிலைமை நன்றாகத் தெரிந்தவர் அவராகத்தான் இருக்கும். அப்புறம் அவளுடைய கால்குலஸ் நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் பொறியியல் படித்தவர், முதல் இரண்டு அத்தியாயமாவது மறந்திருக்காது. தீபாவளி வரை தள்ளிப் போடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா