பாடகர் வராத உருவப்படம்

கேள்வி: ஒரு கலைக்கூடத்தில் 16 திரைகளில் யார் யாரோ வரிசையாக நின்று மைக்கேல் ஜாக்சன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு சுருதியே சேரவில்லை. ஆனால் பலகையில் 'மைக்கேல் ஜாக்சனின் உருவப்படம்' என்று போட்டிருக்கிறது. அவர் எங்கே சார்?

பதில்: எவ்வளவு நேரம் நின்றாலும் வரமாட்டார். நீங்கள் பார்த்தது கேண்டிஸ் பிரைட்ஸ் 2005இல் செய்த 'கிங்' என்ற வீடியோ படைப்பு. ஜோகன்னஸ்பர்கில் பிறந்து பெர்லினில் வசிக்கிற கலைஞர் இவர். அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு 16 ரசிகர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, 'திரில்லர்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பாடச் சொன்னார், அப்புறம் 16 பதிவுகளையும் ஒன்றாக ஓடவிட்டார். பின்னணி இசை கிடையாது, அசல் குரலும் கிடையாது, நமக்குக் கேட்பது ரசிகர்களின் குரல் மட்டும்தான்.

சுருதி சேரவில்லை என்கிறீர்கள், சரி. குரல் வளத்தைப் பார்த்து அவர் ஆள் எடுக்கவில்லை, உண்மையான ரசிகரா என்று மட்டும்தான் பார்த்தார். ஓவியர் முன்னால் உட்காருகிறவர் முகத்தைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டுதான் உட்காருவார் இல்லையா, அந்த முகத்தை 40 நிமிஷத்துக்கு மேல், அதுவும் பாடிக்கொண்டே, யாராலும் வைத்திருக்க முடியாது. அடுத்த முறை போனால் 'பீட் இட்' பாட்டில் கிடார் மட்டும் தனியாக வரும் இடத்துக்குக் காத்திருங்கள். பாடகருக்கு அங்கே வாயில் வேலை இல்லை. அந்தச் சில வினாடிகளில் கையையும் காலையும் என்ன செய்வது என்று 16 பேரும் தாங்களாக முடிவு செய்தாக வேண்டும், எனக்கு அதுதான் உருவப்படம்.

கேள்வி: இதெல்லாம் ரசிகர்களை நிற்கவைத்துக் கேலி செய்வதாகாதா?

பதில்: எனக்கும் முதலில் அந்த உறுத்தல் இருந்தது. ஆனால் பாட்டுப் போட்டி நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இங்கே நடுவர் இல்லை, பாதியில் வெட்டி எறிவதில்லை, கண்ணீர் வரும்போது கேமரா முகத்துக்குள் புகுவதில்லை. இதே பாணியில் பிரைட்ஸ் வேறு படைப்புகளும் செய்திருக்கிறார்: மடோனா ரசிகர்கள் 30 பேரை வைத்து மிலானில் ஒன்று, பாப் மார்லி ரசிகர்கள் 30 பேரை வைத்து ஜமைக்காவில் ஒன்று, ஜான் லெனனுக்கு நியூகாசிலில் 25 பேர். எனக்குப் பிடித்தது 2017இல் மான்ட்ரியாலில் காட்டிய, கனடியப் பாடகர் லெனர்ட் கோஹன் பற்றிய படைப்பு. அதில் பாடுகிற 18 ஆண்களும் 65 வயதைத் தாண்டியவர்கள். 1988இல் வந்த அவருடைய ஆல்பம் ஒன்றை முழுக்கப் பாடுகிறார்கள், பின்பாட்டுப் பாடுவது கோஹன் குடும்பத்தின் யூத வழிபாட்டுத் தலத்துப் பாடகர் குழு. கோஹன் இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கேலிதான் என்று பார்த்தபிறகும் சொல்வீர்களானால் சண்டைக்கு வருகிறேன்.

கேள்வி: போனை வைத்து நானே இப்படி ஒன்று எடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஒரு பாட்டு போதாது, முழு ஆல்பம், காதில் இயர்போன், நடுவில் நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு பாட்டுக்குப் போனைப் பார்த்துத்தான் பாடுவீர்கள். அதை அழித்துவிடாதீர்கள், போன் இருப்பதை எங்கே மறக்க ஆரம்பித்தீர்கள் என்று தெரிய அதுவும் வேண்டும்.