பைக் மேக்னெட்டை விமானத்தில் மாட்டலாமா? வீட்டில் விமானம் கட்டுவோரின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பிரதான ஆல்டர்னேட்டர் நடுவானில் நின்றுபோனால் கைகொடுக்க, பைக்கின் மேக்னெட்டையும் (சுற்றும் காந்தச் சக்கரம், அதாவது ரோட்டர்) காயிலையும் (மின்சாரம் பிறக்கும் கம்பிச் சுருள்) இரண்டாவது ஜெனரேட்டராக வைக்கலாமா? கோவையில் ஒரு டூவீலர் பட்டறையில் காயில் கட்டிப் பழகி, பிறகு அமெரிக்காவில் விமான மெக்கானிக் உரிமம் எடுத்தவன் நான். வைக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் அது கெட்டுப்போகும்போது எஞ்சினையோ மின்சுற்றையோ கூடவே இழுத்துக்கொண்டு போகக் கூடாது. என் கவலையெல்லாம் அங்கேதான்.

ஆர்வி-7 ரகச் சிறு விமானம் கட்டுகிறேன், எஞ்சின் லைகமிங் ஓ-360. பேனல் முழுக்க டிஜிட்டல் திரை என்பதால் பழைய வகைக் கருவிகளை ஓட்டும் வேக்குவம் பம்ப்பின் இடம் காலியாக இருக்கிறது. பழைய பைக்கின் 300 வாட் மேக்னெட் கையில் இருக்கிறது. 20 ஆம்பியர் வருமா சார்? (ஒஹாயோ வாசகர்)

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 300 வாட் என்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,000 சுற்றை ஒட்டி எழுதப்பட்ட எண். பைக்கில் மேக்னெட் கிராங்க் தண்டிலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் சுற்றும் வேகம்தான் அதன் வேகம். லைகமிங்கின் வேக்குவம் பம்ப் பேட் (எஞ்சின் பின்பக்கத்தில் பம்ப்பை மாட்டி ஓட்டும் இடம்), கிராங்கைப் போல 1.3 மடங்கு வேகத்தில் சுற்றும். 2,400 சுற்றில் நிதானமாகப் பறக்கும்போது பேடில் கிடைப்பது 3,120. முழு வேகமான 2,700-லேயே 3,510 தான். தரையிறங்க வரும்போது எஞ்சினை 1,500-க்குக் குறைப்பீர்கள், பேடில் 1,950. தரையிறங்கும் விளக்கு, மின்சார ஃபிளாப் எல்லாம் ஒன்றாகச் சாப்பிடும் நேரமும் அதுதான்.

அதனால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் லேத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். 2,000, 2,500, 3,000, 3,500 என்று நான்கு வேகங்களில், பேட்டரியும் ஹெட்லைட் பல்புகளும் இணைத்து ஆம்பியரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். காயில் சூடான பிறகு வரும் எண்தான் உண்மையான எண்.

சூடு என்றதும் இன்னொன்று. பல பைக்குகளில் காயில் எஞ்சின் கவருக்குள் எண்ணெய் தெறிக்கும் இடத்தில் இருக்கும். அந்த எண்ணெய்தான் அதைக் குளிர்விக்கிறது. அதே காயிலை வெளியே எடுத்து உலர்ந்த கூட்டுக்குள் வைத்து, எஞ்சினுக்குப் பின்னால் ஃபயர்வாலை (எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தகடு) ஒட்டிய வெக்கையில் ஓடவிட்டால் வார்னிஷ் கருகத் தொடங்கும். கூட்டில் காற்று நுழையவும் வெளியேறவும் வழி வேண்டும். முன்பக்க பேஃபிளிலிருந்து (குளிர்காற்றை எஞ்சின் மேல் திருப்பும் தகடு) 25 மி.மீ. குழாயில் காற்றைக் கொண்டுவந்து காயில் மேலேயே விடுங்கள்.

இதே பேடுக்கென்றே செய்த 8 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் சந்தையில் பல வருடமாக இருக்கிறது. பி அண்ட் சி நிறுவனத்தின் எஸ்டி-8. விமானத்துக்காகவே வடிவமைத்தவர்கள் இந்த வேகத்தில் 8 ஆம்பியரோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மேக்னெட் ரோட்டரை வேக்குவம் பேடோடு இணைக்க நல்ல எஃகில் தண்டு கடைந்துவிட்டேன், உடையவே உடையாது. இது போதுமா? (ஆஸ்திரேலிய வாசகர்)

உடையாது என்பதுதான் எனக்குப் பயம். வேக்குவம் பம்ப்பின் இணைப்பில், பம்ப் இறுகினால் தானே முறியும்படி ஒரு மெலிந்த பகுதியை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். உங்கள் ஜெனரேட்டரின் பேரிங் பிடித்துக்கொண்டாலோ, ரோட்டருக்குள் ஒட்டிய காந்தத் துண்டு பெயர்ந்து காயிலில் சிக்கினாலோ, அந்தத் தடை நேராக எஞ்சினின் பின்பக்கப் பற்சக்கரங்களுக்குப் போகும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை ஓட்டுவதும் அதே பற்சக்கரக் கூட்டம்தான். மாற்று மின்சாரத்துக்காக மாட்டியது எஞ்சினையே நிறுத்திவிடும்.

கணக்கு எளிது. 200 வாட் வெளியே வரவேண்டும், திறன் 60 சதவீதம் என்றால் தண்டில் சுமார் 333 வாட் போகவேண்டும். 3,100 சுற்றில் அதற்கு ஏறக்குறைய 1 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசை போதும். சாதாரண எஃகில் 6 மி.மீ. விட்டத்துக்குக் கழுத்து கடைந்தால், எஃகின் ரகத்தைப் பொறுத்து, சுமார் 12 முதல் 18 நியூட்டன்-மீட்டருக்குள் முறியும். வேலைக்குத் தேவையானதைப் போல குறைந்தது 12 மடங்கு. எஞ்சின் அதிர்வைத் தாங்க இடம் இருக்கிறது, இறுகினால் முறியவும் செய்யும். அந்த எண் உங்கள் எஞ்சின் கையேட்டில் பேடுக்குக் கொடுத்திருக்கும் வரம்புக்குள் அடங்கவேண்டும். ஒரே கம்பியில் மூன்று தண்டுகள் கடையுங்கள். இரண்டை டார்க் ரெஞ்சில் முறித்துப் பார்த்துவிட்டு மூன்றாவதை மாட்டுங்கள். கழுத்தின் இரு முனையிலும் வளைவு விட்டுக் கடையுங்கள். கூர்மையான மூலை இருந்தால் களைப்பு விரிசல் அங்கேதான் பிறக்கும். முறிந்த பிறகு எஞ்சின் பக்கத்துத் துண்டு ஆடாமல் தன் இடத்திலேயே சுற்றவேண்டும், எண்ணெய் சீல் தாங்கவேண்டும். சீல் போனால் எண்ணெய் முழுக்க வெளியே.

சுற்றும் திசை எது என்பது மின்சாரத்துக்கு முக்கியமில்லை. ஆனால் ரோட்டரைப் பிடித்திருக்கும் நட்டு, பைக்கில் சுற்றிய திசைக்கு எதிராகச் சுற்றும்போது தளர வாய்ப்பு உண்டு. சாவி (ரோட்டரைத் தண்டோடு பூட்டும் துண்டு), டேப்பர் (தண்டின் கூம்புப் பிடிப்பு), லாக் வாஷர் மூன்றையும் பாருங்கள்.

பைக் ரெகுலேட்டரையே போடலாமா? சுவிட்ச் போட்டு நிறுத்த முடியுமா அண்ணா? (டெக்சாஸ் வாசகர்)

கார் ஆல்டர்னேட்டரில் ஃபீல்டு மின்சாரத்தை நிறுத்தினால் உற்பத்தியே நின்றுவிடும். நிரந்தரக் காந்தத்தில் அப்படி ஒரு பிடி கிடையாது. ரோட்டர் சுற்றும்வரை மின்சாரம் பிறந்துகொண்டே இருக்கும். நீங்கள் செய்யக்கூடியது துண்டிப்பது மட்டும்தான்.

பழைய வகை ஷண்ட் ரெகுலேட்டர் தேவைக்கு மிஞ்சியதை காயிலுக்கே ஷார்ட் சர்க்யூட்டாகத் திருப்பிவிடும். விளக்கே போடாவிட்டாலும் காயிலில் முழு மின்னோட்டமும் ஓடும். பட்டறையில் அப்படிக் கருகிய காயில்களை எத்தனையோ கழற்றியிருக்கிறேன். கவரைத் திறந்ததும் எரிந்த வார்னிஷ் வாசனை முகத்தில் அடிக்கும். மூன்று நான்கு சுருள்கள் கரிக்கட்டை போல, பக்கத்தில் இருப்பவை இன்னும் தேன் நிறத்தில். அவசரத்துக்கு மட்டும் வேலை செய்யவேண்டிய பொருள் பறக்கும் ஒவ்வொரு மணிநேரமும் இப்படி வேகக் கூடாது. சீரீஸ் வகை ரெகுலேட்டர் போடுங்கள். அது தேவையில்லாதபோது காயிலைத் திறந்து விட்டுவிடும். காயில் குளிர்ச்சியாக இருக்கும்.

திறந்து விட்ட காயிலில் வோல்டேஜ் ஏறும், வேகம் கூடினால் 50 வோல்ட்டையும் தாண்டும். ஆகவே ஒயரின் காப்புறை, ரிலே எல்லாம் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். ரிலேயைக் காயிலுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் வையுங்கள். மூன்று ஃபேஸ் என்றால் இரண்டு ஒயரை வெட்டினாலே சுற்று நின்றுவிடும். ரெகுலேட்டர் கெட்டு வோல்டேஜ் 16-ஐத் தாண்டினால் அந்த ரிலேயைத் தானாக விடுவிக்கும் ஓவர்-வோல்டேஜ் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். இதில் சமரசமே கிடையாது. சில நூறு ரூபாய் ரெகுலேட்டர் ஒன்று சில ஆயிரம் டாலர் திரைகளைச் சுட்டுவிடும்.

எனக்கு உண்மையிலேயே இது தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கனடா வாசகர்)

நல்ல கேள்வி. இதைத்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். இரண்டு மேக்னெட்டோ உள்ள எஞ்சின், பகலில் மட்டும், நல்ல வானிலையில் பறப்பவர் என்றால் மின்சாரம் மொத்தமாகப் போனாலும் எஞ்சின் ஓடும். 16 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி புதிதாக இருந்தால், 10 ஆம்பியர் இழுத்தாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். பழைய பேட்டரி என்றால் பாதிதான் என்று கணக்கிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவது ஜெனரேட்டர் மாட்டுவதைவிட நல்ல பாதுகாப்பு என்பது என் கருத்து.

எலக்ட்ரானிக் இக்னிஷனும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் இருந்தால் கதை வேறு. பெட்ரோல் பம்ப் மட்டுமே 5, 6 ஆம்பியர் இழுக்கும். மின்சாரம் போனால் எஞ்சினும் போகும். ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் எஞ்சினுக்குள்ளேயே இரண்டு தனி ஜெனரேட்டர்கள் வைத்திருப்பது அதனால்தான்.

ஒரு தாளை எடுத்து, தரையிறங்கும்வரை உயிரோடு இருக்கவேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள். கான்சஸ் மின்பொறியாளர் ராபர்ட் நக்கல்ஸ் பரப்பிய 'எண்டூரன்ஸ் பஸ்' முறை இதற்கு அருமையாகப் பொருந்தும். அவசியமான கருவிகளை ஒரு தனி மின்பட்டையில் (பஸ்) சேர்த்து, அதற்குப் பிரதான பட்டையிலிருந்து டயோடு வழியாகவும், பேட்டரியிலிருந்து நேராக ஒரு சுவிட்ச் வழியாகவும் இரண்டு பாதை கொடுப்பது. பிட்டோ ஹீட்டர் (வேகமானியின் காற்றுக்குழாய் உறையாமல் காக்கும் சூடேற்றி) அந்தப் பட்டியலில் வந்துவிட்டால் 8 ஆம்பியர் ஜெனரேட்டர் பற்றாது; மேகத்துக்குள் போகாமல் திரும்புவதே வழி.

பேட்டரியும் செத்துவிட்டால் மேக்னெட் மட்டும் ஓட்டுமா? லித்தியம் பேட்டரி வைத்திருக்கிறேன். (இங்கிலாந்து வாசகர்)

பேட்டரிதான் மின்சாரத்தின் அலையைச் சமப்படுத்துகிறது. அது இல்லாதபோது அந்த வேலையைச் செய்ய ஒரு பெரிய கெப்பாசிட்டர் வேண்டும். ரோட்டாக்ஸ் 912-இன் நிறுவல் கையேடு குறைந்தது 22,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்று கேட்கிறது, அதையே பின்பற்றுங்கள். லித்தியத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்சுற்று) தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நொடியில் விலகிவிடும், வோல்டேஜ் எகிறும். நான் சொன்ன 16 வோல்ட் பாதுகாப்பும் கெப்பாசிட்டரும் உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம்.

என் செஸ்னா 172-இல் இதைச் செய்யலாமா? (புளோரிடா வாசகர்)

கூடாது. அது சான்றிதழ் பெற்ற விமானம்; ஒப்புதல் பெற்ற பாகத்தை, ஒப்புதல் பெற்ற முறையில் மட்டுமே மாட்டமுடியும்.

மாட்டி முடித்துவிட்டேன். எப்படிச் சோதிப்பது? (மீண்டும் ஒஹாயோ வாசகர்)

முதலில் காகிதம். அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானத்தில் பெரிய மாற்றம் என்றால், உங்கள் விமானத்தின் இயக்க வரம்புகள் தாளில் சொன்னபடி எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) அலுவலகத்துக்குத் தெரிவித்து மீண்டும் சோதனைப் பறப்பு செய்யவேண்டும். அந்தத் தாளை எடுத்து வரிக்கு வரி படியுங்கள்.

பிறகு தரையில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரதான ஆல்டர்னேட்டரை நிறுத்தி மேக்னெட்டை மட்டும் போடுங்கள். அவசியப் பட்டையின் எல்லாக் கருவிகளையும் போட்டு 1,500 சுற்றில் வோல்டேஜைப் பாருங்கள். 12.8-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியும் சேர்ந்து உழைக்கிறது என்று பொருள். ஹெட்செட்டில் கீச்சொலி கேட்டால் காயிலின் மூன்று ஒயரையும் ஒன்றாக முறுக்கி, ரேடியோ ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள்.

முதல் பறப்பு முடிந்ததும் கவுலிங்கை (எஞ்சின் மூடி) கழற்றுங்கள். ரோட்டர் நட்டின் மேல் முன்பே ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு போட்டு வைத்திருங்கள்; அது ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் மீண்டும் பறக்கவேண்டாம். கழுத்தைச் சுற்றி விரல் வைத்துத் தடவி எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டின் காற்று வெளியேறும் வாயில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். இதையே 5 மணி நேரத்துக்குப் பிறகும், 10 மணி நேரத்துக்குப் பிறகும், 25 மணி நேரத்துக்குப் பிறகும் செய்து பதிவேட்டில் எழுதி, எனக்கும் ஒரு வரி அனுப்புங்கள்.