மேசை ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு எழுதக் கற்பிப்பது: கேள்வி பதில்

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகியவர்களுக்கு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற விளையாட்டுகளுக்குச் சாகசம் (ஆடுவதற்கான கதைக் குறிப்பு) எழுதக் கற்பிக்கவிருக்கிறேன். முதல் வகுப்பை எதில் தொடங்கலாம்?

பதில்: யாருக்காக எழுதுகிறோம் என்பதில் தொடங்குங்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய அந்த விளையாட்டு 1974இல் வெளிவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை சாகசக் குறிப்பை வாசிப்பவர், சுற்றிலும் நான்கைந்து பேர் பதிலுக்குக் காத்திருக்க, பகடையும் கையுமாக அவசரமாகப் பக்கத்தைப் பார்க்கும் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்தான். என் மாணவர் ஒருவர், “கதவைத் திறந்ததும் நீங்கள் அச்சத்தில் உறைந்து, வாளை உருவுகிறீர்கள்” என்று எழுதியிருந்தார். கதையில் அது நல்ல வரி. இங்கோ, அஞ்சுவதா வாளை உருவுவதா என்பதை ஆட்டக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். “கதவு திறக்கிறது. ஈரமண் வாடை. இருட்டு மூலையில் சங்கிலி உரசும் ஓசை” என்று திருத்தி, அத்தோடு நிறுத்தச் சொன்னேன்.

கேள்வி: எழுத்து வகுப்பில் பகடைக் கணக்கு எதற்கு?

பதில்: கணக்குத் தெரியாமல் எழுதினால் கதை பாதியில் நின்றுவிடும். இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் ரகசியக் கடிதம் கிடைக்கும் என்று எழுதினால், வெற்றி வாய்ப்பு 30 விழுக்காடு மட்டுமே. அதே கடினத்தில் மூன்று தடயங்களை வைத்தாலும், மூன்றும் கைநழுவ ஏறக்குறைய 34 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே, கதை நகரக் கட்டாயம் தேவைப்படும் தடயத்தைத் தேடியவருக்குப் பகடையின்றியே கொடுத்துவிட்டு, அதை எடுக்கும்போது காவலன் விழித்துக்கொள்கிறானா என்பதற்குப் பகடை உருட்டச் சொல்வதே சரி.

கேள்வி: மாணவர்கள் எழுதியதை விற்கலாமா, அம்மா?

பதில்: விற்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு, யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 2023 ஜனவரியில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். அத்தொகுப்பில் இல்லாத உலகங்களையும் பாத்திரங்களையும் மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: மதிப்பெண் போடுவது எப்படி?

பதில்: எழுதியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேறொரு மாணவரை அந்தச் சாகசத்தை நடத்தச் சொல்லுங்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இது பலருக்கும் பெருந்தண்டனை! நடத்துபவர் எங்கே பக்கம் புரட்டித் தேடுகிறார், எங்கே தாமாக இட்டுக்கட்டிச் சமாளிக்கிறார் என்பதை எழுதியவரே குறித்துக்கொள்ளட்டும். நான் முதல் வரைவுக்கு மதிப்பெண் இடுவதில்லை. அந்தக் குறிப்புகளைக் கொண்டு திருத்திய இரண்டாம் வரைவுக்கே இடுகிறேன்.