பாப்பா பார்த்த மழை

வணக்கம் அக்கா,

போன பள்ளி விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஒரு பெரிய ஓவியம், முழுக்கக் காவியும் கருப்பும்தான், உருவம் என்று எதுவும் இல்லை. பாப்பா "அப்பா, மழை" என்று கத்தினாள். "சும்மா இரு, ஆட்கள் பார்க்கிறார்கள்" என்று அடக்கிவிட்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டோம். பக்கத்து அட்டையில் ஓவியரின் பெயரும் ஆண்டும் மட்டுமே இருந்தன. அரூப ஓவியத்தின் சரியான அர்த்தத்தை எப்படித் தெரிந்துகொள்வது? அர்த்தம் என்று ஒன்று இருக்கிறதா, நம்மை ஏமாற்றுகிறார்களா? இதெல்லாம் எப்படி ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கிறது?

(ஒரு வாசகர், சுங்கை சிப்புட்)

அன்புள்ள தம்பி,

விலையை என்னிடம் கேட்காதீர்கள், அது விற்பவர், வாங்குபவர் பாடு. ஏமாற்றா என்றால், மோசமான ஓவியங்கள் எல்லா வகையிலும் உண்டு, இதிலும் உண்டு. அவ்வளவுதான்.

பிள்ளையை ஏன் அடக்கினீர்கள்? இரண்டு நாளாக அந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. அந்த அறையில் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான், அவள் வாயைத்தான் மூடியிருக்கிறீர்கள்.

விளங்காததில் உங்களுக்கு வந்த எரிச்சல் பெரிய ஆட்களுக்கும் வந்ததுதான். 1896-இல் மாஸ்கோவில், பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல்போர் ஓவியத்தின் முன் நின்ற ரஷ்யர் கண்டின்ஸ்கிக்கு அது வைக்கோல்போர் என்பதே கையேட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இவ்வளவு தெளிவில்லாமல் வரைய ஓவியனுக்கு உரிமை இல்லை என்றுகூட நினைத்திருக்கிறார். ஆனால் அந்தப் படம் அவர் மனதைவிட்டுப் போகவே இல்லை. பின்னால் அவரே அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரானார். எரிச்சல் வரட்டும் தம்பி, ஆனால் எரிச்சலோடு அங்கேயே நில்லுங்கள். ஒரு நிமிடத்தில் யார் முகமும் விளங்காது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. நீங்களும் நம் ஊர்க்காரர், சொன்னால் புரியும். அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையில் கோடு கீறிப் பால் எடுக்கும் வேலை. பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் (உறைந்துபோன பால்) பொறுக்க நானும் விடியற்காலை இருட்டில் கூடவே போவேன். ஒருமுறை காய்ச்சலில் படுத்துவிட்டார், அவர் நிரையை, அவருக்கு ஒதுக்கிய மர வரிசையை, வேறொரு ஆள் வெட்டினார். திரும்பி வந்த அன்று அம்மா நெற்றி விளக்கைக் கோட்டுக்கு நேரே பிடித்து, கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். "இங்க அவசரப்பட்டிருக்கான். இங்க உளி மழுங்கியிருக்கு. இங்க கட்டையிலயே பட்டுடுச்சு பாரு, இனி மரம் முண்டும் முடிச்சுமா வீங்கும்." கோடு இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் 30 பாகை சரிவில் இறங்க வேண்டும். சரிவு குறைந்தால் பால் மங்குக் கிண்ணத்துக்குப் போகாமல் பட்டையில் வழிந்துவிடும். அந்த வழிசலைப் பார்த்தே ஆள் எந்த மரத்தில் களைத்துப்போனான் என்றுகூடச் சொன்னார். கையெழுத்துப் போடத் தெரியாதவர், பெருவிரல் ரேகைதான்.

பிறகு ஒருநாள், எண்பதுகளின் கடைசியில், ஒரு கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போய்விட்டு இரவு ரயிலுக்குக் காத்திருந்தோம். நல்ல மழை. அப்போது கலைக்கூடம் ரயில் நிலையத்துக்கு எதிரே, பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்தில் இருந்தது. மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனோம். கருப்புக் கோடுகள் மட்டுமே இருந்த ஒரு ஓவியத்தின் முன்னால் அம்மா நின்றுவிட்டார். நான் வெட்கப்பட்டேன், உங்களை மாதிரியேதான், வாம்மா போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா நகரவில்லை. "இதுவரைக்கும் ஒரே மூச்சுல இழுத்திருக்கான். இந்த இடத்துல கை பயந்திருக்கு. அதை மறைக்கத்தான் மேல பூசியிருக்கான்" என்றார். கிட்டே போய்ப் பார்த்தேன். கருப்புக்கு அடியில் காய்ந்துபோன பழைய கோட்டின் விளிம்பு, நகத்தால் நெருடலாம்போல, மேடாக இருந்தது.

அங்கேதான் சொல்ல வருகிறேன். "ஆளுக்கு ஒரு அர்த்தம், எதையும் நினைத்துக்கொள்ளலாம்" என்று நழுவுகிறவர்களிடம் எனக்குப் பொறுமையே இல்லை. அம்மா சொன்னது ஓவியத் துணியிலேயே இருந்தது. நான் சரிபார்க்க முடிந்தது, தப்பாக இருந்தால் தப்பு என்றும் சொல்லியிருக்க முடியும். மேகத்தில் யானை தேடுகிற மாதிரி ஓவியத்தில் முகம் தேடுவது வேறு, கை எங்கே வேகமெடுத்தது, எங்கே தயங்கியது, எந்த நிறத்தை எது அமுக்குகிறது என்று பார்ப்பது வேறு. இரண்டாவதைச் செய்யச் செய்ய முதலாவதில் ஆசை போய்விடும். இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன், ஆனாலும் "என்ன படம் இது" என்றுதான் கேட்கிறார்கள்! கோலத்துக்கு அர்த்தம் கேட்கிறோமா என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. கோலத்துக்குப் புள்ளிக் கணக்கு இருக்கிறது, போடுகிற பெண்ணுக்கு அடுத்த வளைவு முன்பே தெரியும். இங்கே ஓவியனுக்கே தெரியாது, அந்தத் தெரியாமையும் துணியில் பதிந்துவிடுகிறது.

அட்டையைப் பற்றிச் சொன்னீர்கள். நம் நாட்டு ஓவியர் சையட் அகமட் ஜமால் 'குனோங் லேடாங்' என்று ஒரு மலையின் பெயரை வைத்திருந்தால், முக்கோணத்தைக் கண்டதுமே நமக்கு மலை வந்துவிடும். நல்லதுதான். ஆனால் மலையைக் கண்டுபிடித்த திருப்தியில் அப்படியே நகர்ந்துவிடுகிறோம். அதனால் படத்தை முதலில் பாருங்கள், அட்டையை அப்புறம் படியுங்கள்.

அம்மா இருந்திருந்தால் உங்கள் பாப்பாவிடம் கேட்டிருப்பார், நான் உங்களைக் கேட்கிறேன். மழை என்றாளே, அது எந்தப் பக்கமிருந்து பெய்தது? தூறலா, அடைமழையா? இன்று இரவு அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால், அடுத்த விடுமுறையில் மறுபடி கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா